பழைய ஆம்னியில பின் சீட்டைக் கழட்டறது: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

இருபது வருஷத்துக்கு மேல பட்டறையில மாருதி ஆம்னி வேனுக்குச் சீட் கழட்டி மாட்டினவன் நான். பழைய ஆம்னி வேன்ல பின் சீட்டை எடுக்கறதைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கரூர்: அண்ணா, 2011 வண்டி, அஞ்சு சீட். எங்க தோட்டத்துக் காய்கறியை ஏத்த பின் சீட்டை எடுக்கணும். நானே எடுக்கலாமா?

கழட்டற வேலையை நீங்களே தாராளமா செய்யலாம் தம்பி. சட்டம் என்ன சொல்லுதுன்னு கீழ சென்னைக் கேள்வியில பாத்துக்குங்க. 12, 14 பாக்ஸ் ஸ்பேனர், சீட் பெல்ட் போல்ட்டுக்கு 17, ஒரு நீட்டு ராடு இருந்தா போதும். முதல்ல தரையில விரிச்சிருக்கற மேட்டை முழுசா உரிச்சுப் போட்டுட்டு போல்ட் தலை எங்கெங்க இருக்குன்னு பாத்துக்குங்க. ஒண்ணு மேட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், அது தெரியாம சீட்டைப் பிடிச்சு இழுத்து தகரத்தை வளைச்சவங்க நிறைய. சீட் வெளிய வந்ததும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த ஓட்டையிலேயே கையால திருப்பி மாட்டிடுங்க. தொலையாது, மரைக்குள்ள மண்ணும் ஏறாது. டப்பாவுல போட்டு வெச்ச போல்ட் ஆறு மாசத்துல காணாமப் போயிரும், எந்த வீட்டுலயும் அப்படித்தான். சீட்டைத் தூக்க ஆள் ஒருத்தரைக் கூட வெச்சுக்குங்க.

நாகர்கோவில்: உப்புக் காத்துல போல்ட் நல்லா துருப்பிடிச்சுப் போச்சு. கேஸ் வெச்சு சூடு காட்டச் சொல்றாங்க, செய்யலாமா சார்?

வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டேங்க் தரைக்கு அடியில இருக்கு. சூடும் கூடாது, வெல்டிங்கும் கூடாது. கம்பி பிரஷ்ஷால தலையைச் சுத்தித் தேய்ச்சுட்டு, வண்டிக்கு அடியில படுத்து மரை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பக்கமா துரு எண்ணெய் அடிங்க. மேல இருந்து அடிச்சா எண்ணெய் தலையோட நின்னுடும். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

காலையில எடுத்ததும் கழட்டற பக்கம் திருகாதீங்க. முதல்ல இறுக்கற பக்கம் ஒரு துளி, அப்புறம் கழட்டற பக்கம் ஒரு துளி. கை கவனமா இருக்கட்டும். "கிறீச்"னு சத்தம் போட்டு நகர்ந்தா வழி விட்டுடுச்சுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம ரப்பர் மாதிரி மெதுமெதுன்னு சுத்துதா, உடனே நிறுத்துங்க. போல்ட் கழலல, முறுக்கிக்கிட்டு இருக்கு. இன்னும் கால் சுத்து போனா தலை கையோட வந்துடும். அந்த நிலைக்கு வந்துட்டா இன்னொரு ராத்திரி எண்ணெய் ஊறட்டும். மீறி ஒடிஞ்சுதுன்னா நடுவுல துளை போட்டு எடுத்து, டேப் உளியால புதுசா மரை வெட்டணும். அது லேத் பட்டறைக்காரர் வேலை, வீட்டுல முயற்சி பண்ணாதீங்க.

திண்டுக்கல்: எட்டு சீட் வண்டி. நடு சீட்டை மட்டும் எடுத்தா போதுமா?

நடு சீட் பின்பக்கம் பாத்து, கடைசி சீட்டுக்கு முட்டியோட முட்டி இடிக்கற மாதிரி இருக்கற வண்டிதானே? அதை மட்டும் எடுத்தா பக்கக் கதவைத் திறந்ததும் நல்ல இடம் கிடைக்கும், கடைசி சீட்டுல ஆளும் உக்காரலாம். எனக்குப் பிடிச்ச ஏற்பாடு அதுதான்.

மதுரை: தம்பி, சீட்டை எடுத்ததுல இருந்து வண்டிக்குள்ள புகை வாடை. வீட்டுக்காரருக்குத் தலைவலி வருதுங்கறார்.

அம்மா, இதை இன்னைக்கே பாருங்க. போல்ட் இருந்த ஓட்டை திறந்து கிடக்கும். சைலென்சர் புகை தரைக்கு அடியிலதான் போகுது, அந்த ஓட்டை வழியா உள்ள ஏறும். சரக்கு நீட்டிக்கிட்டு இருக்குன்னு பின் கதவைத் திறந்து வெச்சு ஓட்டினா இன்னும் மோசம், பின்னாடி சுழல்ற காத்து புகையை உள்ள இழுக்கும். வாடையை மட்டும் நம்பாதீங்க. அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தலைவலிதான் முதல் அறிகுறி. போல்ட்டைத் திருப்பி மாட்டுங்க, இல்லைன்னா ரப்பர் அடைப்பு போட்டு சீலன்ட் பூசுங்க. சைலென்சர்ல ஓட்டை இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. அதுவரை கண்ணாடியை இறக்கிட்டுத்தான் ஓட்டணும்.

சென்னை: போலீஸ் பிடிப்பாங்களா?

சும்மா பயமுறுத்தவும் மாட்டேன், மூடி மறைக்கவும் மாட்டேன். ஆர்.சி.ல இத்தனை சீட்னு போட்டிருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.ல இருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019-ல வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். ஒரேயடியா சரக்கு வண்டியாவே வெச்சுக்கப் போறீங்கன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முறைப்படி கேட்டு ஆர்.சி.யை மாத்திக்குங்க. வெள்ளை போர்டு வண்டியில வாடகைக்குச் சரக்கு ஏத்தறது அதைவிடப் பெரிய தப்பு. சீட் இருந்தாலும் தப்பு, இல்லைன்னாலும் தப்பு.

ஈரோடு: 20 லிட்டர் தண்ணிக் கேன் 30 ஏத்தலாமா அண்ணா?

கணக்குப் போடுங்க. 30 கேன்னா தண்ணி மட்டும் 600 கிலோ. எட்டுப் பேர் நெருக்கி உக்காந்தாலும் டிரைவரோட சேத்து 500 கிலோ சொச்சம்தான் வரும். 15 கேனோட நிறுத்துங்க, அதையும் பின் சக்கரத்துக்கு முன்னால வர்ற மாதிரி அடுக்குங்க. எல்லாத்தையும் டிக்கி ஓரமா அடுக்கினா முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும்.

இன்னொண்ணு, அந்தப் பின் சீட் இத்தனை நாள் ஒரு சுவராவும் நின்னுச்சு. அதை எடுத்துட்டா பிரேக் அடிக்கறப்போ கேன் நேரா உங்க பிடரிக்குத்தான் வரும். முன் சீட்டுக்குப் பின்னால ஒரு கம்பி வலையாவது போட்டுக்குங்க.

தஞ்சாவூர்: தரையில மெத்தை போட்டு பசங்களை உக்கார வெச்சுக் கோயிலுக்குப் போலாமா?

கூடாது. பெல்ட் இல்லாத இடத்துல ஆளே கூடாது.

சேலம்: எடுத்த சீட் இடத்தை அடைக்குது. எடைக்குப் போட்டுடலாமா?

போட்டுடாதீங்க! எங்க பட்டறைக்கு வர்ற ஒருத்தர் அப்படித்தான் சில நூறு ரூபாய்க்குப் பழைய இரும்புக் கடையில தள்ளிட்டார். வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போனா, சீட் எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு ஊர் உடைசல் கடை அலைஞ்சு, வேற கலர்ல, எலி கடிச்ச சீட் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தார். 2019-லேயே ஆம்னி தயாரிப்பை நிறுத்திட்டாங்க. கடைசியா வந்த வண்டியும் 2034-ல புதுப்பிக்க வந்து நிக்கும். சாக்கு சுத்தி, செங்கல் மேல நிறுத்தி வைங்க, தரை ஈரம் ஏறாது.

சேலம்: திருப்பி மாட்டறப்போ ஒரு போல்ட் மட்டும் ஓட்டைக்கு நேரா வர மாட்டேங்குது.

மத்ததை முழுசா இறுக்கிட்டீங்க, அதான். எல்லாத்தையும் தளர்த்துங்க. எல்லா போல்ட்டையும் கையால மூணு மூணு சுத்து ஏத்தினதுக்கு அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடணும். பெல்ட் போல்ட்டுக்கு மரை வேற, அதுக்குப் பழைய போல்ட்டே போடுங்க. கடையில கிடைக்கற சாதா போல்ட் ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் மரையைத் தின்னுடும்.