வீட்டிலேயே ஆராதனை பார்த்தால் போதாதா?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து வந்து சென்னை பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறோம். 2020 ஊரடங்கில் யூடியூபில் ஆராதனை பார்க்க ஆரம்பித்தோம், அதுவே பழகிவிட்டது. படுக்கையில் இருக்கும் மாமியாரும் கூடவே பார்ப்பார். இடையில் இரண்டு முறை இங்குள்ள சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனேன். ஆராதனை முறையும் ராகமும் ஊரில் மாதிரி இல்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. வீட்டிலிருந்து ஜெபித்தால் கர்த்தர் கேட்கமாட்டாரா?

பதில்: நிச்சயமாகக் கேட்பார், சகோதரி. ஆனால் நம் ஜெபம் கேட்கப்படுவதற்காக மட்டும் சபை கூடுவதில்லை.

ஆதிச் சபையார் உறுதியாய்த் தரித்திருந்தவை என்று அப்போஸ்தலர் 2:42 நான்கைச் சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம்பண்ணுதல். உபதேசம் போனில் ஒழுங்காக வந்து சேரும்; உள்ளூரில் கிடைக்காத நல்ல பிரசங்கம்கூடக் கிடைக்கும். ஜெபம் பாதி வரும். மற்ற இரண்டுக்கும் ஆள் நேரில் வேண்டும். அந்நியோந்நியம் என்பதைப் பேச்சில் நாம் கணவன் மனைவிக்குத்தான் சொல்கிறோம். வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் அதே சொல்லைச் சபையாருக்கு வைத்திருக்கிறார்கள்.

'சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள்' என்பதற்கு எல்லாரும் எபிரெயர் 10:25-ஐக் காட்டுவார்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: 'ஒருவரையொருவர் கவனித்து' என்று இருக்கிறது. வீட்டில் பாட்டு ஓடும்போது நீங்கள் குக்கரை இறக்க எழுந்து போனால் ஒரு குரல் குறைந்தது யாருக்கும் தெரியாது. ஆலயத்தில் உங்கள் பெஞ்சு இரண்டு வாரம் காலியாக இருந்தால் பக்கத்தில் உட்காரும் அம்மா விசாரிப்பார். அந்த அம்மா வராத வாரம் விசாரிக்க வேண்டியவர் நீங்கள்.

ராகம் வேறாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை கதீட்ரல் சாலையிலுள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., ஆனார்கள். உங்கள் ஊர்ப்பக்கத்துச் சபைகள் லண்டன் மிஷன் வழி, அதாவது காங்கிரிகேஷனல் மரபில் வந்தவை. சென்னையிலோ எழும்பூர் கர்க் ஆலயம் பிரெஸ்பிட்டேரியன், ராயப்பேட்டை வெஸ்லி ஆலயம் மெதடிஸ்ட். பெயர் ஒன்றானாலும் பழைய வழக்கம் அங்கங்கே நிற்கிறது. நாலைந்து வாரத்தில் காது பழகிவிடும்.

யாரும் பேசாதது மனதை நோகடித்திருக்கும், புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று ஆராதனை நடக்கும் பெரிய சபையில், பக்கத்தில் இருப்பவர் உங்களை வேறு ஆராதனைக்கு வழக்கமாக வருகிறவர் என்றே நினைப்பார். முதல் பாட்டில் நுழைந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் ஆட்டோ பிடிக்கிறவர்களுக்கு எந்தச் சபையிலும் அறிமுகம் கிடைக்காது. கால் மணி நேரம் முன்னால் போங்கள், முடிந்தபின் இருபது நிமிடம் வெளியே நில்லுங்கள். கூட்டம் குறைவான ஆராதனையைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரம் அதே நேரம், அதே பெஞ்சு என்று வையுங்கள். வாரம் ஒரு சபையாகப் பார்த்துக்கொண்டே போனால் வருஷம் முழுக்க விருந்தாளிதான். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஆலயம் போதும். பேர்பெற்ற பிரசங்கியாருக்காக நகரத்தின் மறுகோடிக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலும் குறைவு, மழைக்காலத்தில் அந்தப் பழக்கம் நின்றுவிடும்.

ஆயரை வாசலில் கைகுலுக்கும் வரிசையில் பிடிக்காதீர்கள், அங்கே பேர் சொல்லக்கூட நேரம் இருக்காது. வாரநாளில் சபை அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் கேளுங்கள். போகும்போது ஊர்ச் சேகரத்து ஆயரிடமிருந்து சபை மாற்றுக் கடிதம் வாங்கி எடுத்துப்போங்கள். அதில் ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நான விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) விவரம் இருக்கட்டும். கல்யாண ஓலை (ஆலயத்தில் திருமண அறிவிப்பு) வாசிக்கவோ அடக்கத்துக்கோ அவசரம் வந்தபின் இந்தக் கடிதத்துக்காக அலைகிறவர்கள் நிறையப் பேர்.

ஆயரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் பக்கத்தில் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கே, என்றைக்கு என்பதுதான். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்காரும் இடத்தில் முதல் நாளே உங்கள் பேர் கேட்டுவிடுவார்கள். பெரிய ஆலயத்தில் ஆறு மாதத்தில் நடக்காதது அங்கே மூன்று வாரத்தில் நடக்கும்.

மாமியாருக்கு யூடியூப் ஆராதனை தொடரட்டும், அவருக்கு அது பெரிய கொடை. நீங்களும் கணவரும் ஒருவர் காலை ஆராதனைக்கும் மற்றவர் அடுத்ததற்கும் போகலாம். யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவரைச் சபைக்கு வரச் சொல்லவில்லை, சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்கிறது. ஆகவே, வீட்டுக்கு வந்து திருவிருந்து (அப்பமும் ரசமும்) கொடுக்கும்படி ஆயரிடம் கேளுங்கள். மாமியார் தெளிவாக விழித்திருக்கும் நேரம், விழுங்கச் சிரமம் உண்டா என்ற இரண்டையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கட்டில் பக்கம் சின்ன மேசை, அதன்மேல் வெளுத்த துணி, நாலு நாற்காலி போதும். ஜெபக்கூட்டத்து ஆட்களில் இரண்டு பேரை அன்றைக்கு அழையுங்கள், மாமியார் ஊரில் பாடிய கீர்த்தனையைச் சேர்ந்து பாடலாம்.