பந்து வராத நேரத்தில் என்ன செய்வது? ஒரு பழைய சென்டர் ஃபோர்வர்டின் கேள்வி பதில்

மட்டக்களப்பில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து முழங்கால் மறுக்கும்வரை புட்போலில் சென்டர் ஃபோர்வர்டாக, முன்னால் நின்று கோல் போடுகிறவனாக ஆடியவன் நான். இப்போது பின்னேரங்களில் பொடியனுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். "மெஸ்ஸியா, ரொனால்டோவா?" என்று கேட்ட அத்தனை பேரும் மன்னிக்கவேண்டும். அந்தச் சண்டையை வீட்டில் மகனோடு பிடித்தே களைத்துவிட்டேன்.

சேர், எனக்கு ஷொட் நல்லா வரும். ட்ரெய்னிங்ல கோல் கோலா போடுவேன். மெட்ச் எண்டு வந்தா பந்தே கிடைக்குதில்ல. சும்மா ஓடிட்டு வாறன். என்ன செய்யலாம்? (17 வயது, ஏறாவூர்)

தம்பி, ஓரத்தால் பந்து கொண்டுவருகிற உன்னுடைய விங்கரைக் கேட்டுப் பார். "இவன் எங்க நிக்கிறான் எண்டே தெரியல்ல" என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

உன்னைத் தடுக்க நிற்கிற எதிரணி பெக் பந்தையும் பார்க்கவேண்டும், உன்னையும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே பார்வையில் படுகிற இடத்தில் நீ நின்றால் அவனுக்கு வேலை சுகம். ஆகவே பந்து இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, அவன் தோளுக்குப் பின்னால் நில். உன்னைக் காண அவன் கழுத்தைத் திருப்பவேண்டும். திருப்பினால் பந்தை விட்டுவிடுவான்.

அடுத்தது, எப்போது ஓடுவது? வலது விங்கில் உன்னுடைய ஆள் பந்தோடு போகிறான் என்று வை. தலையை நிமிர்த்தி உள்ளே பார்ப்பான். எல்லோரும் அப்போதுதான் ஓடுவார்கள், ஓடி ஓஃப்சைட்டில் மாட்டுவார்கள், இல்லாவிட்டால் பந்து வருமுன் அந்த இடத்தைத் தாண்டிவிடுவார்கள். நீ நில். பார்த்து முடித்து, பந்தை அடிக்கத் தலையைக் குனிவான் பார், அதுதான் உனக்கு விசில். அதற்கு முன்னால் பின் கம்பத்துக்கு, அதாவது பந்துக்குத் தூரமான கோல் கம்பத்துக்குப் போகிறவன் மாதிரி இரண்டு எட்டு வை. பெக்கும் உன்னோடு சரிவான். தலை குனிந்ததும் அவனுக்கு முன்னால் வெட்டி முன் கம்பத்துக்குப் பாய். அவன் பாரம் முழுக்க மற்றக் காலில் இருக்கும். திரும்புவதற்குள் உனக்கு அரை யார் தூரம் கிடைத்துவிடும். அரை யார் போதும்.

பெரும்பாலும் பந்து வராது. மெதுவாக நடந்து திரும்பி வந்து மறுபடி இதையே செய். வராத ஓட்டத்துக்குக் கை தட்ட ஆள் இல்லை. ஆனால் நீ பெக்கை இழுத்துக்கொண்டு போன வெற்றிடத்தில் பின்னால் வருகிற உன் ஆள் அடிப்பான். அது உன்னுடைய கோல் என்று எழுதமாட்டார்கள், கோச்சுக்குத் தெரியும்.

ஓஃப்சைட் சட்டமும் இப்போது உங்கள் பக்கம்தான். 1925 வரை முன்னால் நிற்கிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியில் மூன்று பேர் இருக்கவேண்டும். அந்த ஆண்டுதான் இரண்டு பேர் போதும் என்றார்கள். கடைசிக்கு முந்தினவனோடு சரிசமனாக நின்றால் ஓன்சைட் என்பது 1990 இல் வந்தது. நாங்கள் ஆடத் தொடங்கிய நாளில் சரிசமனாக நின்றாலே லைன்ஸ்மன் கொடியைத் தூக்கிவிடுவார்.

கச்சான் காற்று அடிக்கிற நேரம் டொஸ் வென்றால் எந்தப் பக்கம் எடுப்பது நல்லம்? எங்கட கெப்டன் எப்பவும் காற்றோட ஆடத்தான் கேட்பார். (கல்லடி)

கெப்டன்மார் எல்லோரும் அப்படித்தான். நான் முன்னால் நிற்கிறவன் என்பதால் எனக்கு வேறு கணக்கு. காற்று முதுகில் இருந்தால் பின்னாலிருந்து தூக்கி அடிக்கிற பந்தெல்லாம் என்னைத் தாண்டிக் கீப்பரிடம் போய்விடும். நாற்பத்தைந்து நிமிடமும் கோல் கிக் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். காற்றுக்கு எதிராக ஆடினால் உயரமாகப் போன பந்து முன்னேற முடியாமல் தொங்கி, கடைசியில் செங்குத்தாக விழும். பெக் முன்னால் வந்து தலையைக் கொடுக்கப் பார்ப்பான், பந்து அவனுக்குப் பின்னால் விழும், அல்லது எட்டாமல் முன்னால் விழும். அங்கே நான் நிற்பேன். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் நான் போட்ட கோல்களில் நல்ல பங்கு இப்படி வந்தது.

வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் மேற்கே இருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்றில் தொண்டை காய்ந்த பிறகு தண்ணீர் குடித்துப் பயனில்லை. இறங்க முதலே குடியுங்கள். காற்றோடு ஆடத்தான் வேண்டும் என்றால் தரையோடு பந்தைக் கொடுக்கச் சொல்லுங்கள், தூரத்திலிருந்து கோலுக்கு அடியுங்கள். கீப்பர் தட்டிவிடுவதைப் பொறுக்க ஓராள் உள்ளே நிற்கட்டும்.

கோல் கீப்பர்களை உங்களுக்குப் பிடிக்குமா?

மெட்ச் முடிந்த பிறகு பிடிக்கும்.

மகனுக்கு ஒன்பது வயது. தலையால் அடித்து அடித்துப் பழகுகிறான். மூளைக்குப் பாதிப்பு வரும் என்று சொல்கிறார்களே, உண்மையா? (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

தங்கச்சி, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் பழைய தொழில்முறை வீரர்களைப் பற்றி கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மறதி நோய் போன்ற மூளை தேயும் நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில் இதய நோயால் இறப்பது அவர்களிடையே குறைவு, அதையும் சொல்லவேண்டும். அவர்கள் வாழ்நாள் முழுக்க ஆடியவர்கள், உங்கள் மகன் சின்னப் பிள்ளை. இருந்தாலும் அமெரிக்காவில் 2015 இலேயே 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குத் தலையால் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் 2020 இல், ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்றார்கள்.

ஒன்பது வயதில் அவனுக்கு அது தேவையும் இல்லை. காலால் பந்தை நிறுத்தப் பழகட்டும். பெரியவர்களின் 5ஆம் இலக்கப் பந்தைக் கொடுக்காதீர்கள், அது 410 முதல் 450 கிராம் இருக்கும். 4ஆம் இலக்கம் வாங்குங்கள். எங்கள் காலத்துத் தோல் பந்து மார்கழி மழையில் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் போட்ட பக்கம் நெற்றியில் பட்டால் அந்த நூலின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். அதைப் பெருமையாக வீட்டில் காட்டினோம்.

எப்போதாவது தலையில் அடிபட்டு, வாந்தி, தலைச்சுற்று, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது என்று ஏதாவது வந்தால் அன்று மறுபடி மைதானத்துக்குள் விடவே வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஃபைனலில் பெனால்டியை வெளியே அடித்துவிட்டேன். ஊரில் தேநீர்க் கடைக்குக்கூடப் போக முடியவில்லை அண்ணன். (சந்திவெளி)

1994 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை எங்கள் ஊரில் கார் பெற்றரியில் ஓடிய ஒரு டீவியில் பார்த்தோம். இத்தாலியின் ரொபேர்ட்டோ பாஜியோ கடைசிப் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலால் அடித்தார், பிரேசில் வென்றது. இத்தாலியை, அரையிறுதியில் பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு அங்கே கொண்டுவந்தவர் அவர்தான். அதே பெனால்டி வரிசையில் பரேசியும் வெளியே அடித்தார், மசாரோவின் பந்தைக் கீப்பர் பிடித்தார். அந்த இரண்டு பேரையும் ஊர் மறந்துவிட்டது, கடைசியாக அடித்தவர்தான் படத்தில் நிற்கிறார். உனக்கும் அதுதான் நடந்திருக்கிறது. முதல் பாதியில் யார் யார் எத்தனை வாய்ப்பை விட்டார்கள் என்று தேநீர்க் கடையில் ஒருவனுக்கும் ஞாபகம் இருக்காது.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது 1998 உலகக் கிண்ணத்தை. சிலிக்கு எதிராக இத்தாலி 2-1 என்று பின்தங்கியிருக்கிறது, முடிய ஐந்து நிமிடம்போல் இருக்கும்போது பெனால்டி கிடைக்கிறது. பாஜியோவே பந்தை எடுத்து வைத்தார், அடித்தார், சமநிலை. அந்தப் பந்தை வைக்கக் குனிந்தபோது அவருக்கு என்ன இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இனி வேலை. பந்தை வைக்குமுன் மூலையைத் தெரிவு செய், நடக்கும்போது மாற்றாதே. விசில் ஊதியவுடன் பாயாதே, ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போ. கீப்பர் கோட்டில் ஆடுவான், கத்துவான், நேரம் கடத்துவான். அவனுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அது. அடுத்த பெனால்டியை நீயே கேட்டு எடு. கடைக்கும் போ, தேநீருக்குக் காசை நீயே கொடு.

உங்கள் பார்வையில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஸ்ட்ரைக்கர்?

கெர்ட் முல்லர். மேற்கு ஜெர்மனிக்கு 62 ஆட்டத்தில் 68 கோல். குட்டையான ஆள், தொடை மட்டும் தூண். 1974 இறுதிப் போட்டியில் ஒல்லாந்துக்கு எதிராகப் போட்ட வெற்றிக் கோலைத் தேடிப் பாருங்கள். பந்து அவருக்குக் கொஞ்சம் பின்னால் போய்விடும், அவரும் பின்னுக்குப் போய், திரும்பி, பலமில்லாமல் ஒரு தட்டு. அழகே இல்லாத கோல். எனக்கு அதைவிட அழகான கோல் கிடையாது.

யுத்த காலத்தில் எப்படி விளையாடினீர்கள்? (பலர்)

வெளிச்சம் இருக்கும்வரை விளையாடினோம். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டவேண்டும். பூட்ஸுக்குள் கை விட்டுப் பார்ப்பார்கள், காலுறையை விரித்துப் பார்ப்பார்கள். மேலதிக நேரம் என்பதே கிடையாது. தூரத்து அணி இருட்டுமுன் பாதையைத் தாண்டவேண்டும், ஆகவே சமநிலை என்றால் நாணயம் சுண்டிக் கிண்ணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு கிண்ணம் எங்களுக்கும் வந்தது. வாங்கிக்கொண்டு போகும்போது எதிரணிப் பொடியனுகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

1990 இல் நடந்த தமிழ்-முஸ்லிம் வன்முறைக்குப் பிறகு தமிழ்க் கழகமும் முஸ்லிம் கழகமும் ஒரே மைதானத்தில் இறங்கக் காலம் எடுத்தது. மறுகா மெல்ல மெல்லத் தொடங்கினோம். காத்தான்குடியிலிருந்து வந்த அணியின் பெக் ஒருவர் எனக்குக் கணுக்காலில் போட்ட உதை இன்னும் மழைக்கு நோகும். பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்துதான் எனக்குப் பிரியாணி வரும். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

புட்போலை நம்பி ஏ.எல் உயர்தரப் பரீட்சையை விடலாமா?

விடாதே. இங்கே பந்து சோறு போடுவது பெரும்பாலும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் வேலையோடு சேர்ந்து கிடைத்தால்தான், அதற்கும் சான்றிதழ் கேட்பார்கள். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. இருபத்து மூன்று வயதில் உச்சத்தில் இருந்த ஒரு பொடியன் அத்தனை மாதமும் நாட்டுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவன் காலில் ஒரு குறையும் இல்லை.

மகளுக்கு விளையாட ஆசை. தலையை மூடிக்கொண்டு ஆட விடுவார்களா? முழங்கால் அறுந்துபோகும் என்றும் பயப்படுத்துகிறார்கள். (ஒரு தந்தை, அக்கரைப்பற்று)

காக்கா, தலையை மூடி ஆடலாம் என்று 2014 இலேயே விதி வந்துவிட்டது. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடுதான் இறங்கினார்.

முழங்கால் கதை பொய் இல்லை. உள்ளே இருக்கிற ஏ.சி.எல் என்ற நார் அறுவது பெண் பிள்ளைகளுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே அறும், குதித்து இறங்கும்போது, சடாரென்று திரும்பும்போது. அதைக் குறைக்க வழி இருக்கிறது. ஃபிஃபா 11 பிளஸ் என்ற உடற்பயிற்சித் தொகுதி, 20 நிமிடம், பந்து தொடுமுன் செய்வது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சரியாமல், பாதத்துக்கு நேர் மேலே நிற்கவேண்டும். கண்ணாடி முன்னால் வீட்டிலேயே பழக்கலாம், பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள். பயிற்சியாளர் இதைச் செய்விக்காவிட்டால் கேளுங்கள். மகளை நிறுத்த இது காரணமில்லை.

விளையாட்டை விட்ட பிறகு வெறுமையாக இல்லையா? (பெரியநீலாவணை)

இந்திய அணியின் கெப்டனாக இருந்த சுனில் சேத்ரி 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் நிரம்பி வழிந்த மைதானத்தில் விடைபெற்றார். அழுதார், எல்லோரும் அழுதார்கள். எங்களைப் போன்ற ஊர்க் கழக ஆட்களுக்கு அப்படி ஒரு நாள் வராது. என்னுடைய கடைசி மெட்ச் எது என்றே எனக்குத் தெரியாது. ஒரு சுற்றுப்போட்டியில் பத்தொன்பது வயதுப் பொடியனை எனக்குப் பதிலாக இறக்கினார்கள். அடுத்ததில் நான் பெஞ்சில். அதற்கடுத்ததில் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலு மணியானால் கால் கிடந்து துடிக்கும். வீட்டில் இருந்தால் சிடுசிடுப்பு. மனைவிதான் ஒரு நாள், "போய் மைதானத்தில நில்லுங்க, இங்க நிண்டு என்னைக் கொல்லாதீங்க" என்று அனுப்பிவிட்டாள். போனேன். கோட்டுக்கு வெளியே நின்றபோதுதான் தெரிந்தது, முன்கள ஆள் ஆட்டத்தில் பந்தைத் தொடுவது எவ்வளவு கொஞ்ச நேரம் என்று. மிச்ச நேரமெல்லாம் பார்ப்பதும் நகர்வதும்தான். எனக்கு ஓடத்தான் முடியாது, பார்க்க முடியும். அந்த வேலை இன்னும் கையில் இருக்கிறது. ஏறாவூர்த் தம்பிக்கு மேலே எழுதியது அங்கே நின்று படித்தது.

உடம்பு விஷயம் வேறு. ஆட்டம் ஓய்வு பெற்றது, சோறு ஓய்வு பெறவில்லை. ஆடும்போது தின்ற அளவைத் தின்றால் ஒரு வருடத்தில் வயிறு முன்னால் வந்துவிடும். சேத்ரியும் அடுத்த ஆண்டே திரும்பி இந்தியாவுக்கு ஆட வந்துவிட்டார். அதை வாசித்த இரவு எனக்கும் பூட்ஸ் எங்கே கிடக்கிறது என்று ஒரு யோசனை வந்தது.

கணுக்கால் பிரண்டால் எண்ணெய் சூடாக்கி உருவலாமா?

முதல் இரண்டு நாள் வேண்டாம், வீக்கம் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி வை, காலை உயர்த்தி வை, கட்டுப் போடு. நாலு எட்டு நடக்க முடியாவிட்டால் உருவ ஆள் தேடாதே, எக்ஸ்ரே எடு.

மணல் மைதானத்துக்கு எந்தப் பூட்ஸ் வாங்கலாம்? கையில் காசு குறைவு. (14 வயது, வாழைச்சேனை)

திருகிப் போடும் ஆணி வேண்டாம் மகன், நம்முடைய தரை கோடையில் சிமெந்து. அடியோடு சேர்த்து வார்த்த, குட்டை றப்பர் ஆணி உள்ளதாகப் பார். பின்னேரத்தில் போய் வாங்கு, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கிச் சரியான அளவில் இருக்கும். காலுறையைப் போட்டுக்கொண்டே அளந்து பார். வளர்வாய் என்று வீட்டில் இரண்டு அளவு பெரிதாக எடுத்துத் தரப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ளாதே, உள்ளே கால் வழுக்கினால் பந்தில் பிடி வராது. விலை கூடிய நிறத்தை விடு. மிஞ்சுகிற காசில் பம்பும் ஊசியும் வாங்கு. ஊசியை நனைத்துவிட்டுப் போடு, காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு போய்விடும்.