அக்காவின் அரபு

வணக்கம் ஐயா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். வயது 24. உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜப்பான் மொழி வகுப்புக்குப் போகிறேன். முதியோர் பராமரிப்பு வேலைக்கு அங்கே போவதுதான் எண்ணம். ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை’ என்கிறார்கள் மாமாமார். ‘போயிட்டு வா, வீட்டுக்கு ஸ்லெப் போடலாம்’ என்கிறார் அப்பா. எனக்கு இரண்டு பேச்சும் பிடிக்கவில்லை. இந்த லயத்து வரிசை வீடுகளில் நான் யாருடைய மகள், யாருடைய பேத்தி என்று எல்லோருக்கும் தெரியும். என்னைத் தெரியாத ஓர் இடத்தில் நான் யார் என்று பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து வேலை செய்தால் மனம் விரியும், ஆளே வளர்ந்துவிடுவார் என்கிறார்கள். ஆனால் என் அம்மா குவைத்தில் ஆறு வருஷம் வீட்டு வேலை செய்தவர். நான் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது போனார். திரும்பி வந்து பழையபடி கொழுந்துக் கூடையைத்தான் தூக்கினார். அவரில் எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை. பேச்சுத்தான் குறைந்தது. அப்படியென்றால் இந்த வளர்ச்சி எல்லாம் படித்துவிட்டு நல்ல வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தானா?

ப.

அன்புள்ள ப.,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியோடு எனக்குச் சண்டை. ‘அவரில் எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை.’ அதற்குப் பதில் சொல்ல என் பெரியக்காவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அக்கா 1987இல் குவைத்துக்குப் போனாள். எனக்கு அப்போது பதினொரு வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வருகிற தபாலை வாசிக்கக் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஓடுவாள். 1990 கடைசியில் திரும்பி வந்தாள். பிறகு கல்யாணம், பிள்ளைகள், மலையில் கொழுந்து. ‘குவைத்துக்காரி’ என்று லயத்தில் ஒரு பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியது.

2003 மார்ச். ஈராக்கில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. தலவாக்கலைக்கு மேலே எங்கள் லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு டீவி, இரவுச் செய்திக்கு எல்லோரும் எங்கள் வீட்டில். பஸ்ராவில் ஒரு கிழவி இடிந்த சுவருக்கு முன்னால் நின்று கையை விரித்துக் கத்துகிறாள். ‘தங்களைக் காப்பாற்றும்படி கதறும் தாய்’ என்று செய்தி வாசிப்பவர் சொல்கிறார். அக்கா இஸ்தோப்பில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

“அவ அப்படிச் சொல்லல. பேரப்புள்ள உள்ளுக்குக் கெடக்கு, அந்தக் கெமராவப் போட்டுட்டு வந்து கல்லப் பெரட்டுடாங்கிறா.”

வீடு அமைதியாகிவிட்டது. அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார்: “உனக்கு அரபு தெரியுமா?” பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்.

அந்த இரவுதான் 1990 ஆகஸ்ட்டைப் பற்றி அவள் சொன்னாள். ஈராக் படை உள்ளே வந்தபோது அவள் வேலை செய்த வீட்டார் லீவுக்கு வெளிநாடு போயிருந்தார்கள். பூட்டிய வீட்டில் இவள் மட்டும். சில கிழமைகள் கழித்து, மற்ற இலங்கைப் பெண்களோடு பஸ் பிடித்து, பஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்கு. அங்கே பாலைவனத்தில் கூடாரம். தண்ணீர் லொறி வந்தால் ஆண்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள், பெண்களுக்கு அடி வாளிதான். மூன்றாம் நாள் அக்கா லொறிக்கு முன்னால் போய் நின்று, ‘மாய், மாய்’ என்று வாளியைத் தட்டி, டிரைவரோடு அரபில் சண்டை பிடித்து, பெண்களுக்குத் தனி வரிசை வாங்கியிருக்கிறாள். அதிலிருந்து அம்மான் போய்ச் சேரும்வரை ஒரு நாற்பது பெண்களுக்கு இவள்தான் வாய்.

அவள் வீட்டுக்கு வந்த அன்று கேட்கப்பட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கேட்டது நான். “ரேடியோ எங்க?”

சில வருஷம் கழித்து ஐ.நா. ஆணைக்குழு மூலமாக இழப்பீடு வந்தது. குவைத்தை விட்டு வெளியேறிய தனி ஆளுக்கு 2,500 டொலர், வேறு எதுவும் கோரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 4,000. அந்தக் காசைப் பற்றி மூன்று டிவிஷனிலும் பேச்சு. தண்ணீர் லொறியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பழக்கம்: காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர், சாயந்தரம் தராசில் கிலோ. தராசில் நிற்காத எதையும் பார்க்க நாங்கள் பழகவில்லை.

இதைச் சொல்லி, பட்ட கஷ்டத்தையெல்லாம் ‘வளர்ச்சி’ என்று பூசி மெழுக நான் வரவில்லை. அக்காவின் இடது முழங்கைக்குக் கீழே அயன்பெட்டி சுட்ட தழும்பு இருக்கிறது. தானாகச் சுட்டதா, யாராவது வைத்ததா? 2003இல் அந்த இரவுகூட அவள் அதைச் சொல்லவில்லை.

என் பங்குக்கு நான் 2004இல் கத்தாருக்குப் போனேன். ஹோட்டல் துணி வெளுக்கும் இடத்தில் ஆறு வருஷம். மனம் விரிந்ததா என்று கேட்டால், விரிந்த நாள் எனக்குத் தெரியும். எங்கள் லயத்துக்குத் தனி வீட்டு இலக்கம் கிடையாது. யாருக்கு வந்த கடிதமும் தோட்டத்து ஒப்பீசுக்குத்தான் போகும், பிரித்தே வந்தாலும் கேட்க முடியாது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் உங்கள் தோட்டத்திலும் இருப்பார்கள். கத்தாரில் முகாமுக்குப் போய் இரண்டாம் மாதம், பிளாக், அறை இலக்கம் போட்டு என் பெயருக்கு நேராக ஒரு வங்கிக் கடிதம் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, கணக்கு இலக்கம் மட்டும். அந்த உறையை வெகு நாள் வைத்திருந்தேன். ‘என்னைத் தெரியாத இடத்தில் நான் யார்’ என்று நீங்கள் எழுதியபோது அந்த உறைதான் ஞாபகம் வந்தது.

அதே கத்தாரில்தான் அப்பா செத்த செய்தி வந்தது. அந்தக் காலத்தில் கம்பனி எக்ஸிட் பெர்மிட் கொடுக்காமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. கையெழுத்து வைக்க வேண்டியவர் நாலு நாள் கழித்து வந்தார். நான் வந்து சேர்ந்தபோது கருமாதிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். (பெரும்பாலான தொழிலாளருக்கு இந்த பெர்மிட்டை அவர்கள் நீக்கியது 2018இல்.)

அன்று அப்பாயிதான் சொன்னது: “இது துண்டேதான்டா.” உங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். ‘இந்த ஆட்கள் மேல் இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறேன்’ என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் காகிதம்தான் துண்டு. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. கங்காணி கையில் துண்டு, துண்டின் கையில் ஆள். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஆகவே படிப்பு, நல்ல வேலை என்பதைவிட, கதவு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஜப்பானிலும் இரண்டு வகை உண்டு. தொழில் பயிலுநர் என்ற பெயரில் போனால், பொதுவாக இடம் மாற முடியாது. அந்த முறையையே 2027இல் மாற்றப் போகிறார்கள். 2019இல் தொடங்கிய ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் போனால் அதே துறைக்குள் வேறு இடத்துக்கு மாறலாம். மொத்தம் ஐந்து வருஷம் வரை, குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அங்கேயே பராமரிப்பாளருக்கான அரச பரீட்சையில் தேறினால் அதற்கு மேலும் இருக்கலாம், குடும்பத்தையும் கூப்பிடலாம். நீங்கள் போகிற வகுப்பில் எந்த விசாவுக்குத் தயார்ப்படுத்துகிறார்கள் என்று வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த ஏஜென்சியா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டை ‘பாதுகாப்புக்கு’ என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள் என்பார்கள் பெரியவர்கள். வெளிநாட்டு வேலைக்கான முதல் விளம்பரம் அதுதான், நம்பியும் வந்தார்கள்.

மாமாமாருக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். வேண்டுமென்றால் ஒன்று கேளுங்கள்: மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த கூட்டத்தில் அவர்களுடைய பாட்டனின் பாட்டி இருந்தாளா, இல்லையா? அந்த இருநூறு வருஷத்தை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் கைதட்டியவர்களில் மாமாவும் இருந்திருப்பார்.

அம்மாவிடம் வருகிறேன். உங்களுக்கு ஜப்பான் மொழிப் பரீட்சை எழுதாமல் விசா கிடையாது. கையில் கொப்பி, வாராவாரம் வகுப்பு, தவறினால் திருத்த ஒருவர். உங்கள் அம்மாவைச் சில நாள் பயிற்சியோடு ஏற்றி அனுப்பினார்கள். ஒரு வீட்டின் கோபம், குழந்தையின் அழுகை, சமையல், சாமான், வசவு எல்லாவற்றையும் காதாலேயே பிடித்து, ஆறு வருஷம் அந்த மொழியில் பிழைத்திருக்கிறார். பேச்சுக் குறைந்துவிட்டது என்கிறீர்கள். எந்த மொழியில்? வந்து இறங்கியபோது அவரிடம் என்ன கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்போது உங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். நான் ரேடியோ கேட்டது ஏறக்குறைய அந்த வயதில்தான், அதனால் குற்றமாகச் சொல்லவில்லை.

இந்த ஞாயிறு வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் கொப்பியை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்காருங்கள். தண்ணீருக்கு அரபில் என்ன என்று கேளுங்கள். ‘மாய்’ என்பார். ஜப்பான்காரர் ‘மிசு’ என்பார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். அடுத்த சொல்லை அவரே தொடங்கட்டும். ரொட்டி கருகினால் கருகட்டும், எழுந்து போய்விடாதீர்கள்.