ஆங்கிலம் தாய்மொழி இல்லாத ஒருவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்க முடியுமா?

முடியும். சில ஆண்டுகளாக என் வீட்டுச் செலவில் பெரும்பகுதி இந்த வருமானத்தில்தான் ஓடுகிறது. நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: தாய்மொழி ஆங்கிலமாக இல்லாதவரைச் சேர்த்துக்கொள்வார்களா, சான்றிதழ் கட்டாயமா, இப்போது பார்க்கிற வேலையை எப்போது விடலாம். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது முதல் கேள்விதான்.

கேள்வியின் தொனியைப் பார்த்தால் உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும் என்று நினைக்கிறேன். அலுவலக மின்னஞ்சல்களை யாரிடமும் காட்டாமல் நீங்களே எழுதி அனுப்புகிறவராக இருப்பீர்கள். வாயைத் திறக்கும்போது மட்டும் ‘என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ’ என்று ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தை வைத்துக் காசு பார்க்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். டெமோ வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுத்து முடித்ததும், பார்த்துக்கொண்டிருந்தவர் மனம்விட்டுப் பாராட்டினார். அப்புறம் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் வந்த மின்னஞ்சலில் ‘எங்கள் மாணவர்கள் நேட்டிவ் ஸ்பீக்கரைத்தான் விரும்புகிறார்கள்’ என்று இருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்தான் வேண்டும் என்று அர்த்தம். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சில வாரம் கழித்து அதே நிறுவனத்திலிருந்து இன்னொருவர் அழைத்தார். ‘வேறொரு பிரிவு’ இருக்கிறதாம். பாடம் அதே பாடம், வகுப்பு நேரமும் அதே நேரம், சம்பளம் மட்டும் பாதி. காரணம் கேட்டேன். மறுபடியும் அதே பாஸ்போர்ட். முடியாது என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. சீனப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த, ஒரு காலத்தில் இந்தத் துறையின் பெரிய பெயரான விஐபிகிட் என்ற நிறுவனம், அமெரிக்காவிலோ கனடாவிலோ வேலை பார்க்கத் தகுதியுள்ளவர்கள்தான் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டது. அந்தக் கதவு திறக்காத வருத்தம் அப்போது பலருக்கு இருந்தது. 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷன் துறைக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துச் சீனாவில் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக்கூடாது என்பதும் அதில் ஒன்று. அந்த ஒரே நிறுவனத்தை நம்பியிருந்த ஆசிரியர்களின் அட்டவணை சில மாதங்களில் காலியானது. ஒரே தளத்தை நம்பிக் குடும்பம் நடத்தாதீர்கள் என்று யாராவது சொன்னால் அவர்கள் இதைப் பார்த்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நேட்டிவ் ஸ்பீக்கர்தான் சிறந்த ஆசிரியர் என்ற எண்ணத்தை ராபர்ட் பிலிப்சன் என்ற மொழியியலாளர் 1992-லேயே தவறான நம்பிக்கை என்று பெயர் வைத்தே சுட்டிக்காட்டிவிட்டார். மொழி ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் அதைப் பேசுகிறார்கள். விளம்பரம் எழுதுகிறவர்களின் காதுக்குத்தான் இன்னும் எட்டவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘தாய்மொழிக்காரர்களை மட்டம் தட்டுகிறார்’ என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்களில் அருமையான ஆசிரியர்களை எனக்குத் தெரியும். மரபுத்தொடர், பேச்சு வழக்கு, எந்தச் சொல் எந்த இடத்தில் முரட்டுத்தனமாகக் கேட்கும் என்பதையெல்லாம் அவர்களிடமிருந்து நானே கற்றுக்கொள்கிறேன். மொழி தெரிவது வேறு, மொழியைக் கற்ற வழி தெரிவது வேறு. நம்மிடம் இரண்டாவது இருக்கிறது. அதற்கும் மதிப்பு உண்டு என்றுதான் சொல்ல வருகிறேன்.

எப்படி என்று காட்டுகிறேன். ஜப்பானிலிருந்து என்னிடம் ஒருவர் படித்தார். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. வெளிநாட்டு மேலாளருக்கு வாராவாரம் ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். முதல் வகுப்பில் தான் எழுதிய மின்னஞ்சல் ஒன்றைத் திரையில் வைத்தார். ‘ஐ ஃபவுண்ட் பக் இன் லாகின் பேஜ். பக் இஸ் ஃபிக்ஸ்டு. ப்ளீஸ் செக் ரிப்போர்ட்.’ பக் என்றால் மென்பொருளில் உள்ள பிழை. மூன்று வாக்கியத்திலும் ஒரு ‘ஏ’ இல்லை, ஒரு ‘தி’ இல்லை. முந்தைய ஆசிரியரிடம் காரணம் கேட்டாராம். ‘காதுக்கு அதுதான் சரியாகப் படுகிறது’ என்று பதில் வந்ததாம். அந்தக் காது இவருக்கு இல்லையே, இவர் என்ன செய்வார்?

ஜப்பானிய மொழியில் இந்த ‘ஏ’, ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது. தமிழிலும் கிடையாது. ‘ஒரு’, ‘அந்த’ எல்லாம் நம்மிடம் இருந்தாலும் பெயர்ச்சொல் வரும்போதெல்லாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை. அதனால் இந்த மனிதர் எங்கே தடுக்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. விதி எதையும் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: “உங்கள் மேலாளர் முதல் வாக்கியத்தைப் படிக்கும்போது எந்த பக் என்று அவருக்குத் தெரியுமா?” தெரியாது என்றார். அப்படியென்றால் ‘ஏ’. “இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது?” இப்போது தெரியும். சரி, ‘தி’. அறிக்கை? இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே அறிக்கைதான், அதனால் ‘தி’. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவராகவே ‘லாகின் பேஜ்’ மேல் கர்சரைக் கொண்டுபோய் அங்கும் ஒரு ‘தி’ போட்டார். முதல் முறையாகத்தானே சொல்கிறீர்கள், ஏன் என்று கேட்டேன். எங்கள் மென்பொருளில் லாகின் பேஜ் ஒன்றுதான் இருக்கிறது, மேலாளருக்கு அது தெரியும் என்றார். அந்த நிமிடத்தில் அவருக்கு வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கேள்வி எல்லா இடத்துக்கும் பொருந்தாது, விதிவிலக்குகள் நிறைய. ஆனால் அவருடைய வேலை மின்னஞ்சல்களில் பெரும்பாலான இடங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் நீண்ட காலம் என்னிடமே படித்தார்.

அவர் பேசாமல் இருந்தார் என்றேன் இல்லையா, அதையும் சொல்ல வேண்டும். ஆன்லைன் வகுப்பில் மௌனம் பயங்கரமாகத் தெரியும். இணையம் நின்றுவிட்டதோ, மாணவர் கோபித்துக்கொண்டாரோ என்று கை பதறும். உடனே நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடிக்குமேல் நீட்டியபோது மாணவர்களின் பதில் நீண்டது, தாமாகப் பேசுகிறவர்களும் கூடினார்கள். தாய்மொழியில் நடக்கும் வகுப்புக்கே இப்படி என்றால், மனதுக்குள் மொழிபெயர்த்துவிட்டுப் பேசுகிறவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த ஆசிரியரிடம் மாணவர் திரும்பி வருகிறார். வருமானமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். தளத்தின் பக்கத்தில் ‘ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு டாலர்’ என்று போட்டிருப்பது உங்கள் கைக்கு வருகிற தொகை கிடையாது. ஆசிரியரையும் மாணவரையும் சேர்த்துவைக்கிற தளங்களில் ஒன்றான பிரெப்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புது மாணவரின் முதல் சோதனை வகுப்புக் கட்டணமும் முழுக்கத் தளத்துக்குத்தான். அதற்குப் பிறகு 33 சதவீதம் பிடிப்பார்கள். நீங்கள் நடத்திய மணி நேரம் கூடக் கூட அது இறங்கி, 400 மணி நேரத்தைத் தாண்டினால் 18 சதவீதத்தில் நிற்கும். அதாவது 10 டாலர் போட்டிருந்தால் தொடக்கத்தில் 6 டாலர் 70 சென்ட்தான் உங்களுடையது. பணத்தை வங்கிக்கு மாற்றும் செலவு தனி. ஐடாக்கி என்ற இன்னொரு தளம் 15 சதவீதம் பிடிக்கும். அங்கே சான்றிதழ் உள்ள ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுப்பவர்களும் தனித்தனி வகை. கேம்ப்லி என்ற தளம் நீண்ட காலம், பேசும் நிமிடத்துக்கு 17 சென்ட் என்று கொடுத்து வந்தது, கணக்குப் போட்டால் மணிக்கு 10 டாலர் 20 சென்ட். ஆனால் யாரும் அழைக்காமல் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கில் வராது. இந்த விகிதங்கள் மாறக்கூடியவை, சேரும் நாளில் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே ஒன்று தெரியும். வாரம் நான்கு புது மாணவர் வந்து நான்கு பேரும் போய்விட்டால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். நாலைந்து பேர் வாரம் இரண்டு முறை என்று மாதக்கணக்கில் தங்கினால்தான் வருமானம் நிலைக்கும். வகுப்பு முடிந்ததும் அன்று மாணவர் தடுமாறிய இரண்டு மூன்று வாக்கியங்களை அவர் சொன்னபடியும் சரியான வடிவிலும் எழுதி அனுப்பிவிடுவேன். அடுத்த வகுப்பை அங்கிருந்துதான் தொடங்குவேன். இதற்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. ஆனாலும் மாணவர் தங்குவதற்கு என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

எல்லோருக்கும் எல்லாம் சொல்லித்தருகிறேன் என்று சுயவிவரத்தில் எழுதாதீர்கள். ஒரு தேவையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ பலர் எழுதுகிற ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியை எடுத்துக்கொண்டால், அது 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் தயாரித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும் சம மதிப்பெண். இலக்கணப் பிழைக்குப் பயந்து வாயே திறக்காத மாணவரிடம் இலக்கணம் கால் பங்குதான் என்று எடுத்துக்காட்டினாலே பாதி பயம் போய்விடும். இப்படி ஒரு தேர்வை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருக்கிறவரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

சான்றிதழ்: கட்டாயமில்லாத தளங்கள் உண்டு. டெஃபல் என்பது ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கான பயிற்சியின் பொதுப்பெயர், ஒரே அமைப்பு கொடுக்கிற பட்டம் இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் 120 மணி நேரப் படிப்பு விற்கலாம். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்தி, அதை ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்கிற ஏற்பாடு இருக்கிறதா? கேம்பிரிட்ஜ் தருகிற செல்டா என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழுக்கு அப்படி 6 மணி நேரம் நடத்த வேண்டும். அதனால்தான் அதற்கு மரியாதை. வேலை தருகிறேன், முதலில் பயிற்சிக் கட்டணம் கட்டு என்று சொல்கிற ஆளிடம் ஒரு சல்லிக்காசுகூடக் கொடுக்காதீர்கள்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் அமெரிக்க மாணவரும் ஐரோப்பிய மாணவரும் ஒரே நேரத்தில் வந்து நிற்க வாய்ப்புண்டு. ஜப்பானில் இந்த மாற்றமே கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று தெரிந்த நாளிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லாரும் ‘ரெண்டு நிமிஷ வேலைதான்’ என்று எதையாவது அனுப்புகிறார்கள். விசா விண்ணப்பத்துக்கு விளக்கக் கடிதம், பையனுடைய பயோடேட்டா, எவனோ ஒருவனுக்கு எழுத வேண்டிய புகார். இரவு பதினொரு மணிக்கு வந்து விழும், காலையில் வேண்டும் என்பார்கள். தச்சரிடம் போய் ஒரு நாற்காலி சும்மா செய்து கொடு என்று யாராவது கேட்பார்களா? ஒருவர் விண்ணப்பத்தை முழுதாகத் திருத்திக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. சொல்லக்கூட இல்லை, இன்னொருவர் மூலம்தான் எனக்குத் தெரிந்தது. மறுத்தால் ‘பெரிய ஆளாகிவிட்டாள்’ என்று பேச்சு. நான் உதவி செய்யக்கூடாது என்று சொல்லவில்லை, முடியாதவர்களுக்கு இன்றும் செய்கிறேன். மூளையால் செய்கிற வேலை என்றால் அதற்கு நேரமே ஆகாது என்று நினைக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்களும் இந்த வேலைக்கு வந்தால் இது உங்களுக்கும் நடக்கும்.

வேலையை எப்போது விடலாம் என்ற கேள்விக்கு: அடுத்த மாத வாடகையை, ஏற்கெனவே முன்பணம் கட்டித் தொடர்ந்து படிக்கும் மாணவர்களின் வகுப்புகளே கொடுத்துவிடும் என்ற நிலை பல மாதம் விடாமல் இருந்தால் யோசியுங்கள். விடுமுறைக் காலங்களில் மாணவர்கள் குறைவார்கள், அப்படி ஒரு மாதத்தையாவது கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை மாலையில் இரண்டு மணி நேரம், வார இறுதியில் கொஞ்சம் என்று நடத்துங்கள். அறிமுக வீடியோவில் உச்சரிப்பை மாற்றிக்கொண்டு நடிக்க வேண்டாம், நீங்கள் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். எத்தனையாவது வயதில், எப்படி ஆங்கிலம் கற்றீர்கள் என்பதை அதில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். என்னிடம் வந்து தங்கிய மாணவர்களில் பலர் அதைக் கேட்டுத்தான் என்னைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.