பிள்ளைகளைப் பொறுப்பாக நடக்கவைக்க வீட்டில் பரிசுப் புள்ளி கொடுக்கலாமா, அது லஞ்சம் ஆகிவிடாதா?

8 வயது மகன் எந்த வேலையைச் சொன்னாலும் "என்ன தருவாய்?" என்று கேட்கிறான், நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை ஒன்றைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. உங்கள் வீட்டிலும் "பெற்ற பிள்ளைக்கா கூலி கொடுப்பார்கள்?" என்று மாமியாரும், "நாலு போட்டால் சரியாகிவிடும்" என்று கணவரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் குழந்தை மனநல மருத்துவர் இல்லை. மதுரையில் ஓர் அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு கவுண்டரில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். இங்கே எழுதுவது மூத்தவனை வளர்த்ததில் கற்றது மட்டுமே. எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சாதிக்க வரவில்லை.

அவனுக்கு ஏழு முடிந்து எட்டு தொடங்கிய சமயம். ஸ்டிக்கர் எதுவும் வாங்கவில்லை. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், புளியங்கொட்டை, ஒரு நோட்டு, அவ்வளவுதான். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தினால் ஒரு கொட்டை. இருட்டுவதற்குள் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தால் ஒன்று. காலையில் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி வைத்தால் ஒன்று. சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்கும் பள்ளிப் பையை அடுக்குவதற்கும் எதுவும் கிடையாது. அவன் தட்டு, அவன் பை. இந்தக் கோட்டை முதல் நாளே போட்டுவிட்டேன். 60 கொட்டை சேர்ந்தால் அந்த ஞாயிறே வைகை அணைக்குப் போவது என்று பேச்சு.

ஒரு மாதத்தில் 60 சேர்த்துவிட்டான். அந்த ஞாயிறு என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அடுத்த ஞாயிறு கணவருக்கு வேலை. மூன்றாவது ஞாயிறு நான் அசதியில் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. மறுநாள் மாலை தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவர் வழியே வழிந்து, பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். அவன் மோட்டார் சுவிட்சுக்குக் கீழேயே உட்கார்ந்து பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக்கொண்டிருந்தான். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "கொட்டை வேண்டாம். நிறுத்தினால் இப்போதே மிட்டாய் தா" என்றான்.

அந்தப் பேச்சு எனக்கு வெகுநாள் உறுத்தியது. பிள்ளைக்குப் பொறுமை இல்லை, கைமேல் பலன் கேட்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, கால்மணி நேரம் தின்னாமல் இருந்தால் இரண்டு தருவதாகச் சொல்லும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதையே அமெரிக்காவின் ராச்சஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சிறு பிள்ளைகளிடம் வேறு விதமாகச் செய்து பார்த்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். மிட்டாயை வைப்பதற்கு முன்பு, படம் வரைய நல்ல வண்ணங்கள் கொண்டுவருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் மிட்டாய். வண்ணம் கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் தாங்கியது 3 நிமிடம்.

என் மகனிடம் இருந்த பொறுமையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் செலவழித்திருக்கிறேன். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். சொன்ன நாளில் கொடுப்போமா என்று யாரும் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை. அடுத்த ஞாயிறு ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி, ஆண்டிபட்டியில் இறங்கி, வேறு பஸ் மாறி அவனை அணைக்குக் கூட்டிப்போனேன். தாமதமான மூன்று வாரத்துக்கும் வாரத்துக்கு ஐந்து கொட்டை என்று என் கையால் பாட்டிலில் போட்டேன். மாமியார் அதற்கும் முகம் சுளித்தார். சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டாமா அத்தை என்று மட்டும் கேட்டேன்.

அடுத்தது பங்குனி மாதம். கொட்டைப் புளி வாங்கி வெயிலில் காயவைத்து, அத்தை வராண்டாவில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முறம் நிறையக் கொட்டை. இரண்டு நாள் கழித்து நோட்டில் இருப்பு 23, பாட்டில் ஏறக்குறைய பாதி நிறைந்திருந்தது. கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது. பழைய கொட்டைகள் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று கறுத்திருந்தன. புதியவற்றில் புளியின் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

கணவர் கையை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே நின்றேன். இரவு சாப்பிட்ட பிறகு பாட்டிலையும் நோட்டையும் அவன் முன்னால் வைத்து, எண்ணிச் சொல் என்றேன். தரையில் கொட்டி எண்ண ஆரம்பித்தான். பதினெட்டு, பத்தொன்பது வரை சத்தமாக எண்ணினான். பிறகு குரல் இறங்கியது. 23 வந்ததும் நிறுத்தி, மீதியைக் கையால் ஒதுக்கி, "இவை அப்பத்தாவுடையவை" என்றான். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

அந்த 23ஐ நான் தொடவில்லை. இதில் என் கொழுந்தனாருக்கு இன்றுவரை என் மேல் வருத்தம். திருடியவனுக்கு எல்லாவற்றையும் பிடுங்கியிருக்க வேண்டாமா என்பார். நீங்களும் அப்படி நினைத்தால் குறை சொல்லமாட்டேன். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவளுக்கு ஒன்று தெரியும். ஒருவர் செல்லாத காசோலை கொடுத்தார் என்பதற்காக, அவர் முன்பு கட்டிய பணத்தைப் பாஸ்புக்கில் அடித்துவிட முடியாது. நோட்டில் ஏறிய அந்த 23ம் அவனுக்கு உண்மையாகச் சேர்ந்தவை. அதையும் பறித்திருந்தால், உழைத்ததும் திருடியதும் ஒன்றுதான் என்று நானே அவனுக்குச் சொன்னதாகியிருக்கும். மறுநாளிலிருந்து நோட்டை அவன் கையில் கொடுத்தேன். ஸ்கேல் வைத்து மூன்று பத்தி போட்டான்: வைப்பு, எடுப்பு, இருப்பு. நான் படித்த பள்ளியில் சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. வாராவாரம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கட்டுவோம், மேல்வகுப்பு அக்காமார்களே உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். அந்த ஞாபகத்தில்தான் பத்தி போடச் சொல்லிக் கொடுத்தேன்.

இடையில் நான் செய்த ஒரு தவறு, கதைப் புத்தகம் படித்தாலும் கொட்டை என்று சேர்த்தது. பள்ளி நூலகத்திலிருந்து தடிமனான புத்தகங்களைத் தூக்கி வந்துகொண்டிருந்தவன், இருப்பதிலேயே ஒல்லியானதாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தான். 1973இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றிலும் இப்படித்தான் நடந்தது: ஸ்கெட்ச் பேனாவில் ஆசையாகப் படம் வரையும் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்து, சில நாள் கழித்துப் பார்த்தால் அவர்கள் பேனாவை எடுக்கும் நேரம் மற்றப் பிள்ளைகளைவிடப் பாதியாகிவிட்டதாம். தானாகச் செய்வதற்கு விலை வைக்காதீர்கள். படிப்பு, படம், பாட்டு, தங்கையைக் கொஞ்சுவது எதுவும் அட்டவணையில் வேண்டாம். மோட்டாரும் துணியும் பால் பாக்கெட்டும் யாருக்கும் ஆசையானவை இல்லை, அவற்றுக்குக் கொடுக்கலாம்.

ஒன்பது வயதில் கடைக்கு அனுப்பத் தொடங்கினேன். 50 ரூபாயும் சீட்டும் கொடுத்தால் சாமானோடு கணக்கும் வரவேண்டும். இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருக் கடையில் பிள்ளைகள் போனால் 2 ரூபாய் மீதிக்குச் சில்லறை கிடையாது, இரண்டு மிட்டாய்தான். பெரியவர்கள் போனால் சில்லறை இருக்கிறது. என் மகன் நோட்டில் "மிட்டாய், நான் கேட்காதது, 2 ரூபாய்" என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினான். அந்த வரியைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மிட்டாய் வேண்டாம் என்று கட்டுப்பாடாக இருக்கும் பிள்ளையின் கையில் அதைத் திணிப்பது என்ன நியாயம்? அதே மிட்டாயை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் தீப்பெட்டி தருவார்களா? சில்லறை இல்லாவிட்டால் அடுத்த முறை கழித்துக்கொள்வதாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாமே. நேரில் போய்ச் சொன்னேன். அதன் பிறகு என் பிள்ளைக்கு மட்டும் சில்லறை வருகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு இன்றும் மிட்டாய்தான்.

காலம் முழுக்கக் கொட்டை கொடுக்கப் போகிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு வேலையை அவனிடம் சொல்லிவிட்டே அட்டவணையிலிருந்து எடுத்தேன். முதலில் பால் பாக்கெட், பிறகு துணி. மோட்டாரை எடுத்தபோது மட்டும் ஒரு வாரம் முணுமுணுத்தான். பத்து வயது முடிந்தால் அஞ்சலகத்தில் பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம், 500 ரூபாய் போதும். அவன் பிறந்த நாள் கழிந்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கே வந்தான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன், என் தோழிதான் படிவத்தை வாங்கினார். மாதிரிக் கையெழுத்துக் கட்டத்துக்குள் அடங்காமல் பெயரின் கடைசி எழுத்து வெளியே போய்விட்டதாம். வேறு படிவம் கேட்டு வாங்கி மறுபடி போட்டிருக்கிறான்.

ஆகவே, உங்கள் மகன் "என்ன தருவாய்?" என்று கேட்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் சொல்லுங்கள், கூடவே தேதியையும் சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டில் காதுகுத்து வந்தால், ஒருவர் காதுகுத்துக்குப் போங்கள், ஒருவர் அவனைக் கூட்டிக்கொண்டு அணைக்குப் போங்கள்.