கருமாதி வேண்டாம் என்றால், பிறகு என்ன? வேலூர்ப் பக்கத்துக் கேள்வி பதில்

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் வாழ்வுக்கும் சாவுக்கும் பொருள் தேடுவார்களா? இதை ஒட்டிப் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

காட்பாடி: சாமியும் இல்லை, மறுபிறவியும் இல்லை என்றால் எதற்காக வாழ்வது? இந்தக் கேள்வி உங்களுக்கு வரவே வராதா?

வரும். ஆயத்தமான விடை கையில் இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 'உலகம் எதற்காக இருக்கிறது?' என்பது ஒன்று. ஒருவர் நோக்கத்தோடு படைத்திருந்தால்தான் அதற்கு விடை உண்டு. நாத்திகர் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிடுகிறார். 'இன்று காலையில் நான் எதற்காக எழுந்திருக்க வேண்டும்?' என்பது மற்றொன்று. வளர்க்க வேண்டிய பிள்ளை, முடிக்க வேண்டிய வேலை, தட்டிக் கேட்க வேண்டிய அநியாயம் என்று இதற்கு ஆளுக்கொரு விடை இருக்கும். 94 வயதில், சிறுநீர் வடிக்கும் குழாயோடு, 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் மேடையேறிப் பேசினார் பெரியார். ஐந்தாம் நாள், டிசம்பர் 24 அன்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இறந்தார். சொர்க்கம் கிடைக்கும் என்று அவர் மேடையேறவில்லை. முதல் கேள்விக்கு விடை இல்லையே, அதனால் இரண்டாவதற்கும் இருக்காது என்று முடிவு கட்டுவதுதான் பலரும் சறுக்கும் இடம்.

ராணிப்பேட்டை: எனக்கு எதுவுமே பொருளில்லாமல் தெரிகிறது. நம்பிக்கையை விட்டதால்தான் இப்படியா?

தூக்கம், பசி, பிடித்த வேலையில் ஆர்வம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்தே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தத்துவம் படித்து அது தீராது, கோயிலுக்குப் போகச் சொல்லியும் தீராது. மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆற்காடு: நாத்திகம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்குதானே?

இல்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதி ஒருவர், அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களால் ஆனதே எல்லாம் என்பவர், வருகிறார். ஆத்திப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் சேர்ந்தால் மதுவில் மயக்கம் பிறப்பது போல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்பது அவர் கட்சி. அவை பிரிந்தால் உணர்வும் போய்விடும்.

வேலூர், சத்துவாச்சாரி: செத்தபின் ஒன்றுமில்லை என்றால் பயம் இன்னும் அதிகமாகாதா?

'நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை' என்பது கிரேக்கர் எபிக்யூரசின் வாதம். செத்துக் கிடப்பதைப் பற்றிய பயத்துக்கு அது நல்ல மருந்து. வலியோடு சாகும் பயத்துக்கு அது உதவாது. அதற்கு வலிதணிப்பு மருத்துவம்தான் வழி. கடைசி வாரத்தில் தேடாமல், நோய் முற்றுகிறது என்று தெரிந்ததுமே கேளுங்கள். நினைவு தப்பியபின் செயற்கை சுவாசக் கருவி வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்றது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

குடியாத்தம்: எங்க நைனா கண்ணையும் உடலையும் தானம் செய்யணும்னு சொல்லியிருக்கார். என்ன செய்யணும்?

முதலில் கண். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடனே இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு அரையடி உயரத்துக்குத் தலையணை கொடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றில் கருவிழி காய்ந்துவிடும்.  கண்புரை அறுவை செய்தவர், கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி எல்லாரும் தரலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி நோய் இருந்தால் கூடாது.

அடுத்து உடல். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஒன்றின் உடற்கூறியல் துறையில் இப்போதே படிவம் வாங்கி, நெருங்கிய உறவினர் கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள். சாவு நேர்ந்ததும் மருத்துவர் தரும் இறப்புச் சான்று, இறந்தவர், ஒப்படைப்பவர் இருவரின் அடையாள அட்டை நகல்கள் வேண்டும். கண் எடுத்த உடலை ஏற்பார்கள். பிரேதப் பரிசோதனை செய்த உடலை ஏற்பதில்லை, ஆகவே விபத்துச் சாவென்றால் தகனமோ அடக்கமோதான். வேலூர் வெயிலில் உடல் சீக்கிரம் கெடும், பதப்படுத்தும் மருந்து உள்ளே ஏறாது. வெளியூர் உறவுக்காக ஒரு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பப்படுவது உண்டு.

இன்னொன்று: நைனா கையெழுத்துப் போட்டிருந்தாலும், பிள்ளைகளில் ஒருவர் மறுத்து நின்றால் கல்லூரி வாங்காது. அதனால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரிடமும் அவரே, உயிரோடு இருக்கும்போதே, வாயால் சொல்லிவிட வேண்டும்.

வாலாஜாபேட்டை: கணவர் நாத்திகர். தான் இறந்தால் பதினாறாம் நாள் எதுவும் செய்யக்கூடாது என்கிறார். மாமியாரும் நானும் அப்படியே உட்கார்ந்திருக்க முடியுமா?

முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. சடங்கு வேண்டாம் என்று ஒழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. துக்கத்துக்கு ஒரு நாள், ஓர் இடம், கூட நாலு பேர் தேவை. சுயமரியாதைக் குடும்பங்களில் படத்திறப்பு நடத்துவது இதற்காகத்தான். ஒரு மணி நேரம் போதும். ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். அதில் மூன்று பேராவது வீட்டார், பக்கத்து வீட்டார், கூட வேலை செய்தவராக இருக்கட்டும். கட்சிக்காரர்கள் மட்டும் பேசினால் இறந்தவர் காணாமல் போய்விடுவார். பிறகு எல்லாருக்கும் சாப்பாடு.

உடல் அவருடையது, அதை என்ன செய்வது என்பதில் அவர் சொல் நிற்க வேண்டும். வீட்டுக்குள் மாமியார் ஏற்றும் விளக்கு மாமியாருடையது. அதை அணைக்கச் சொல்வது பகுத்தறிவு ஆகாது.

ஆம்பூர்: பாட்டி இறந்துவிட்டார். ஆயா எங்கே என்று நாலு வயதுப் பிள்ளை கேட்கிறது.

'தூங்குகிறார்' என்று சொல்லாதீர்கள், பிள்ளை தூங்கப் பயப்படும். 'ஆயாவின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி அவருக்கு வலிக்காது, குளிராது. திரும்பி வரமாட்டார். நீ எதுவும் செய்ததால் இப்படி ஆகவில்லை.' இவ்வளவுதான். நாளைக்கும் கேட்கும், அதே சொற்களில் சொல்லுங்கள்.

திருப்பத்தூர்: சடங்கு செய்யாவிட்டால் இறப்புச் சான்றிதழில் சிக்கல் வருமா?

வராது. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமும் இல்லை. உடலைக் கல்லூரிக்குக் கொடுத்தவர்கள் அங்கே தரும் ஒப்படைப்புச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சுடுகாட்டு ரசீது கேட்கும் இடத்தில் அதைக் காட்டலாம்.