ட்ரெபிளைத் திருகினால் கரகர!

கேள்வி: அப்பா 1979-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இன்னும் பாடுகிறது. ட்ரெபிள் (கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும்) குமிழைத் திருகினால் மட்டும் கரகரவென்று சத்தம், நடுவில் ஓர் இடத்தில் இடது ஸ்பீக்கர் மங்கிவிடுகிறது. ஸ்பிரே அடித்தால் பத்து நாள் தாங்கும். கடையில் 100கே (100 கிலோ ஓம்) வால்யூம் கண்ட்ரோல் ஒன்றைக் கொடுத்தார்கள். போடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: போடாதீர்கள். குமிழுக்குப் பின்னால் இருக்கும், திருகினால் ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகத்துக்கு ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர்) என்று பெயர். அதன் மதிப்பு சரியாகவே இருந்தாலும் ரகம் வேறு. வால்யூமுக்கு வருவது லாக் (லாகரிதமிக்) ரகம். பாதி திருகினாலும் ஒரு பக்கம் பத்துப் பதினைந்து சதவீத ரெசிஸ்டன்ஸ்தான் இருக்கும். ட்ரெபிள் போன்ற டோன் குமிழுக்கு அது ஒத்துவராது. பீட்டர் பாக்சண்டால் 1952-ல் வெளியிட்ட சர்க்யூட்டின் வாரிசுகள்தான் பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களிலும் இருக்கின்றன, அதற்கு லீனியர், அதாவது திருகத் திருகச் சீராக மாறும் ரகம் வேண்டும், குமிழ் நடுவில் நிற்கும்போது இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் ட்ரெபிள் கூடாமல் குறையாமல் இருக்கும். ஜப்பான் பாட்களில் பி என்று போட்டிருந்தால் லீனியர், ஏ என்றால் லாக். பழைய ஐரோப்பியச் சரக்கில் இது தலைகீழ், அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல், வாங்கும் முன் நடுவில் வைத்து, நடுக்காலிலிருந்து இரு ஓரக் கால்களுக்கும் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். ஸ்டீரியோ என்பதால் இரட்டைப் பாட், ஆறு கால். ஷாஃப்ட்டின் நீளத்தையும், பழைய குமிழ் அதில் உட்காருமா என்பதையும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. பாட்டின் கால்களில் டிசி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான சர்க்யூட்டில் வரக்கூடாது. வந்தால், டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டிய, முன்னாலுள்ள கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது, புதுப் பாட் போட்டாலும் கரகரக்கும். உங்களுக்கு ஒரே இடத்தில் சத்தம் மங்குவதால் கார்பன் தேய்ந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டர்களில் வோல்ட் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். அந்தக் காலத்துப் பழுப்பு போர்டில் சூடு அதிகமானால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். பழைய பாட்டின் ஆறு கால்களையும் வெட்டிவிட்டு, ஒவ்வொன்றாக ஈயத்தை உருக்கி உருவுங்கள்.

அளவு பொருந்திய பாட் கிடைக்கவே இல்லையா? அப்படியானால் வெட்டாமல், ஈயத்தை உறிஞ்சி முழுசாகக் கழற்றுங்கள். தகரக் காதுகளை நிமிர்த்தித் திறந்தால் கார்பனில் பளபளவென்று ஒரு தேய்ந்த கோடு தெரியும். அதில் ஓடும் உலோக விரல்களை ஊசி முனையால் ஒரு மயிரிழை பக்கவாட்டில் வளைத்தால், தேயாத இடத்தில் ஓட ஆரம்பிக்கும்.